ஹினேபௌ: ஒதுக்கப்பட்ட நெசவுக்காரியும் சிறுவர் மேடையும்

‘ஹினேபௌ’ நியூசிலாந்து எழுத்தாளரும் ஓவியருமான கேவின் பிஷப் எழுதி, படங்களும் வரைந்து 1993ஆம் ஆண்டு வெளிவந்த சிறுவர் கதைநூல். மாவோரி மக்களின் பழங்கதை போன்ற நடையில் அமைந்தது. வெல்லிங்டன் நகரின் ‘கேப்பிட்டல் ஈ’ சிறுவர் நாடகக் குழு இதை மேடையேற்றியது. பிஷப் 1946இல் பிறந்தவர். மாவோரி மரபில் வந்தவர். பல ஆண்டுகள் பள்ளி ஓவிய ஆசிரியராகப் பணியாற்றியவர். மேடையும் அவருக்குப் பழக்கமானதே. 1980களில் நியூசிலாந்தின் ராயல் பாலே குழுவுக்காக இரண்டு சிறுவர் நாட்டிய நாடகங்களுக்குக் கதை எழுதியிருக்கிறார்.

வெல்லிங்டன் குழுவின் ஒளியமைப்புக்கும் ஒப்பனைக்கும் மதிப்பெண் போடுவது இக்கட்டுரையின் வேலை அன்று. இப்படி ஒரு கதை சிறுவர் மேடைக்கு வரும்போது அதற்கு என்ன ஆகிறது, நம் ஊர்ப் பள்ளி மேடைக்கு அதைக் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதே இங்கு பேசப்படுகிறது.

கதை

ஹினேபௌ ஒரு மாவோரிக் குடியில் பிறந்த பெண். நெசவுக்காரி. முடி செம்பட்டை, கண் பச்சை. சூனியக்காரி என்று பெயர் சூட்டி ஊர் அவளை ஒதுக்கி வைக்கிறது. தனிக் குடிசையில் இருந்தபடி அவள் நெய்துகொண்டே இருக்கிறாள். பிறகு எரிமலை வெடிக்கிறது. ஊரும் காடும் வெண்சாம்பலில் மூடிப் போகின்றன. செத்துக் கிடக்கும் அந்த மண்ணுக்கு மறுபடி உயிர் வருவது அவளுடைய நெசவால்தான்.

நான்கைந்து வரியில் சொல்லி முடிக்கக்கூடிய இந்தக் கதையில் மேடைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. ஒரு பெண், ஓர் ஊர், ஒரு மலை, கையால் செய்யும் ஒரு தொழில். மாயக் கண்ணாடியோ பேசும் கிளியோ தேவையில்லை. சிறுவர் நாடகம் எழுதுவோர் பலர் பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கத் திணறுவார்கள். இதில் அந்தத் தொல்லை இல்லை.

பழங்கதை அல்ல, பழங்கதையின் நடை

முதலில் ஒரு தெளிவு. ஹினேபௌ மாவோரி நாட்டுப்புறக் கதை அன்று. ஒருவர் தம் பெயர் போட்டு எழுதிய கதை. ‘ஹினே’ என்ற சொல்லுக்குப் பெண் என்று பொருள். மாவோரித் தொன்மங்களில் வரும் பெண்கள் பலரின் பெயர் இப்படித்தான் தொடங்கும். ஆகவே பெயரைக் கேட்டதும் பழங்கதை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு ஆசிரியருக்கு ஏன் முக்கியம்? மாவுயி என்ற வீரன் தூண்டில் போட்டுக் கடலுக்கு அடியிலிருந்து ஒரு தீவையே மீனாக இழுத்த கதை, ஹினேமோவா என்ற பெண் ரோட்டோருவா ஏரியை இரவில் நீந்திக் கடந்து காதலனிடம் சேர்ந்த கதை ஆகியவை வழிவழியாக வந்தவை. குறிப்பிட்ட குடிகளின் முன்னோரைப் பற்றியவை. அவற்றில் கைவைப்பது, நம் பக்கத்தில் அண்ணமார் கதையில் கைவைப்பதைப் போன்றது. பொன்னரும் சங்கரும் வேறு மாதிரி முடிந்தால் நன்றாயிருக்கும் என்று பள்ளி ஆண்டுவிழாவில் மாற்றிப் பாருங்கள், மறுநாள் காலையில் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். பெயர் போட்டு எழுதிய கதைக்கு அந்தப் பாரம் இல்லை. அதில் குறை இருந்தால் எழுதியவரிடம் கேட்கலாம், விவாதிக்கலாம்.

நியூசிலாந்தில் மாவோரிக் கதைகளைக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் வேலையை வெகுகாலம் வெள்ளையர்களே செய்துவந்தனர். ஏ. டபிள்யூ. ரீட் என்பவரின் தொகுப்புகள் அந்நாட்டுப் பள்ளிகளில் பெயர் பெற்றவை. 1980களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1981இல் பேட்ரிசியா கிரேஸ் எழுதி ராபின் கஹுகிவா படம் வரைந்த ‘பாட்டியும் சிலந்தியும்’ நூல் வந்தது. பாட்டிக்கும் சிலந்திக்கும் யார் நெசவு உசத்தி என்று சண்டை. அதுவும் நெசவுக் கதைதான். 1982இல் மாவோரி மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. 1987இல் அம்மொழி ஆட்சிமொழிகளுள் ஒன்றானது. அதே ஆண்டில்தான் விட்டி இஹிமைராவின் ‘திமிங்கிலச் சவாரி’ நாவலும் வெளிவந்தது. ஹினேபௌ இந்த அலையின் தொடர்ச்சி. பழைய கதையைத் திருப்பிச் சொல்லாமல், பழைய கதையின் நடையில் தம் கேள்வியைக் கேட்கிற துணிச்சல் அந்தத் தலைமுறைக்கு வந்திருந்தது.

செம்பட்டை

செம்முடியும் பச்சைக் கண்ணும் என்பதை ‘மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவள்’ என்பதற்கான அடையாளமாக மட்டும் எடுத்துக்கொண்டால் கதையின் பாதி கையை விட்டுப் போகும். மாவோரி நம்பிக்கையில் ‘பட்டுபையரேஹே’ என்று ஓர் இனத்தார் உண்டு. வெளிறிய தோலும் செம்முடியும் உடையவர்கள். மலைகளில் மூடுபனிக்குள் வாழ்பவர்கள். இரவில் குழலோசை கேட்கும். மனிதர்களுக்கும் அவர்களுக்கும் கலப்பு ஏற்பட்டதால்தான் சில குடும்பங்களில் செம்முடி தோன்றுகிறது என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ஊருக்கு ஹினேபௌவிடம் வந்த பயம் வெறும் அறியாமை அன்று. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஏதோ ஒன்று தங்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறது என்ற பயம். ஊரை முட்டாள்களின் கூட்டமாகக் காட்டும் மேடையாக்கம் இந்தப் பயத்தைக் கொன்றுவிடும். பயப்படுகிறவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்தால்தான், அவர்கள் செய்வது தவறு என்பது குழந்தைக்கு உறைக்கும்.

நம் ஊரில் இதே சொற்கள் வேறு திசைக்குப் போகின்றன. பச்சைக் கண் என்றால் ‘பூனைக்கண்ணு’ என்று கிண்டல் செய்வதோடு சரி. செம்பட்டை முடியோ நம் வகுப்பறைகளில் வறுமையின் பெயர். எண்ணெய் காணாத தலை, வெயிலில் ஆடு மேய்த்த தலை, வயிறாரச் சாப்பாடு இல்லாத பிள்ளையின் தலை செம்பட்டையாகும். சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலை. அங்கிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளும், கீழ்நாட்டில் தறி ஓட்டுவோர், லாரி ஓட்டுவோர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அந்த வகுப்பில் ‘செம்பட்டத் தலை’ என்ற வசவு யாரை நோக்கிப் போகும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

ஆகவே தமிழில் இக்கதையைச் சொல்லும்போது ‘சிவப்பு முடி’ என்று மொழிபெயர்த்தால் அது வெளிநாட்டுப் பொம்மையின் முடியாகிவிடும். ‘செம்பட்டை’ என்று சொன்னால் வகுப்பில் ஒரு நொடி அமைதி வரும். சிலர் திரும்பி யாரையோ பார்ப்பார்கள். அந்தத் திரும்பிப் பார்த்தலிலிருந்து நாடகம் தொடங்க வேண்டும்.

சாம்பல்

எரிமலை நமக்குப் படத்தில் பார்த்த பொருள். நியூசிலாந்துக் குழந்தைக்கு அப்படி அன்று. 1886ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் அதிகாலையில் அந்நாட்டின் வடதீவிலுள்ள தாராவேரா மலை வெடித்தது. தே வைரோவா என்ற ஊர் சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; பெரும்பாலோர் மாவோரிகள். அந்த ஊரில் துஹோட்டோ அரிக்கி என்ற முதிய பூசாரி இருந்தார். மலையைச் சீண்டிவிட்டவர் அவர்தான் என்று ஊரார் பேசினர். புதைந்துபோன அவருடைய குடிசையைத் தோண்டிப் பார்க்கவே தயங்கினர். சில நாள் கழித்துத் தோண்டியபோது அவர் உயிரோடு இருந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அதன்பின் அதிக நாள் வாழவில்லை.

ஹினேபௌவைப் படித்துவிட்டு இந்த வரலாற்றைப் படித்தால் உடல் சிலிர்க்கிறது. ஊர் பழி சுமத்திய ஒருவர், ஒரு குடிசை, மேலே சாம்பல். ஊர்ப்பழி என்பது பேரிடருக்கு முன்னும் வரும், பின்னும் வரும். மழை பொய்த்தாலும் மாடு செத்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் யாராவது ஒரு கிழவியைக் கைகாட்டுவது நம் நாட்டில் இன்றும் முடிந்துபோன கதை அன்று. பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லித் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அக்கொடுமைக்கு எதிராகப் போராடிய அசாமின் பிருபாலா ராபாவும், ஜார்க்கண்டின் சுட்னி தேவியும் 2021இல் பத்மஸ்ரீ பெற்றனர். சுட்னி தேவி தாமே அப்படிப் பழி சுமத்தப்பட்டவர்.

நம் சிறுவர் நாடகங்களிலோ சூனியக்காரக் கிழவி ஒரு சிரிப்புப் பாத்திரம். வளைந்த மூக்கு, கூன் முதுகு, கையில் துடைப்பம். இந்தக் கிழவி நம் பாட்டிக் கதைகளிலிருந்து வந்தவள் அல்லள். ஐரோப்பியக் கதைப் புத்தகங்களின் படங்களிலிருந்து இறங்கி வந்தவள். ஹினேபௌவின் மிகப் பெரிய உதவி, அந்தச் சொல்லை ஒரு மனுஷியின் மேல் ஒட்டவைக்கும்போது என்ன நடக்கிறது என்று உள்ளே இருந்து காட்டுவதுதான். இதை நடித்த பிள்ளை அடுத்த முறை அட்டை மூக்கை ஒட்டிக்கொள்ளும்போது கொஞ்சமாவது யோசிக்கும்.

உடையா, தொழிலா?

மாவோரிக் கதை என்றதும் மேடையில் என்ன வரும் என்று நம்மால் ஊகிக்க முடியும். முகத்தில் கரிக்கோடு, தலையில் இறகு, நாக்கை நீட்டி ஒரு கூச்சல். நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் ‘மலைவாசி நடனம்’ என்ற பெயரில் நடப்பதும் இதுதான். பிள்ளைகளின் உடம்பெல்லாம் கறுப்புச் சாயம், இடுப்பில் இலை, கையில் ஈட்டி, வாயில் அர்த்தமில்லாத ஓசை. கொல்லிமலையில் எந்தக் குடும்பம் இப்படி வாழ்கிறது? அதே மேடைக்குக் கீழே அந்த மலையிலிருந்து வந்த தாய்மார் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார்கள். சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. அப்படிப்பட்ட வட்டாரத்திலும் இந்த இலைப்பாவாடை ஒழியவில்லை.

இது நம்மோடு நிற்கும் நோயும் அன்று. 2016இல் ‘மோவானா’ திரைப்படத்தையொட்டி டிஸ்னி நிறுவனம் மாவுயியின் வேடத்தைக் குழந்தைகளுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழுப்புத் தோலும் பச்சை குத்திய கோலங்களும் அச்சிட்ட முழு உடல் சட்டை. இன்னொரு இனத்தின் தோலையே உடுப்பாக்கி விற்பதா என்று பசிபிக் தீவு மக்கள் கேட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஒரு சமூகத்தை இழிவுபடுத்தி நடந்துவந்த ஆட்டங்களுக்கு 2023இல் அரசு தடை விதித்தது. இரண்டும் ஒரே முறையீட்டின் இரு குரல்கள்.

சரி, இலையும் சாயமும் வேண்டாம் என்றால் அந்த மக்களை மேடையில் எப்படிக் காட்டுவது? கதையே வழி சொல்கிறது. ஹினேபௌ யார் என்பதை அவள் உடையால் அறிவதில்லை, அவள் கைவேலையால் அறிகிறோம். மாவோரி நெசவு தறியில் நடப்பதன்று. ‘ஹரகெகே’ என்னும் நீண்ட இலைச்செடியை வகிர்ந்து, விரல்களால் முடைவது. அந்த இலையை அறுக்கவும் ஒழுங்கு உண்டு. நடுக்குருத்தைப் பிள்ளை என்பார்கள். அதை அணைத்து நிற்கும் இரு இலைகளும் தாய் தகப்பன். அந்த மூன்றையும் தொடக்கூடாது. வெளிப்புறத்தில் முதிர்ந்து நிற்கும் தாத்தா பாட்டி இலைகளை மட்டும் அறுக்கலாம். மழையிலும் இரவிலும் அறுப்பதில்லை.

இந்த ஒரு செய்தியை மேடையில் இரண்டு நிமிடம் செய்து காட்டினால் போதும். இறகும் கரிக்கோடும் தர முடியாத மரியாதையை அது தந்துவிடும். ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தொழில் இருக்கிறது, தொழிலுக்கு அறம் இருக்கிறது, செடியைக்கூடக் குடும்பமாகப் பார்க்கும் கண் இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிகிறது. பனையோலையில் குருத்தை எப்போது வெட்டலாம், எப்போது கூடாது என்று அறிந்த தாத்தா இங்கேயும் இருப்பார். மூங்கில் கூடை முடைபவரும், கோரைப்பாய் முடைபவரும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை ஒத்திகைக்கு அழைத்துவந்து பிள்ளைகளுக்கு முடையக் கற்றுக்கொடுக்கச் சொல்வது, வாடகைக்கு உடை எடுப்பதைவிடச் செலவு குறைவு.

நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாவும் ஊடையும் தெரியும். விசைத்தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள். அவர்களிடம் நெசவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ‘அறுந்த இழையை முடிச்சுப் போடாம ஓட்டுனா துணி என்னாகும்?’ என்று கேட்டால் அவர்களே நமக்குப் பாடம் எடுப்பார்கள்.

காப்பாற்றாவிட்டால்?

கதையின் மேல் எனக்கு ஒரு வலுவான குறை உண்டு. அதை எனக்கு எடுத்துக் கொடுத்தது ஒரு ஆறாம் வகுப்புச் சிறுமி. இக்கதையைச் சொல்லிப் பிள்ளைகளையே நடிக்கவிட்ட ஒரு மாலையில், எல்லோரும் சாம்பலை எப்படிக் காட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கையில் அவள் கேட்டாள்: “அவ காப்பாத்தலீன்னா அவள மறுபடி சேத்திக்கவே மாட்டாங்களா, டீச்சர்?”

சிறுவர் இலக்கியத்தில் இது பழைய நோய். ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் ஏதோ அபூர்வத் திறமை இருக்கும். ஊருக்கு ஆபத்து வரும். அந்தத் திறமை ஊரைக் காப்பாற்றும். ஊர் அணைத்துக்கொள்ளும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: பயன்பட்டால் சேர்ப்போம். வகுப்பில் செம்பட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நெசவும் வராது, பாட்டும் வராது, கணக்கும் வராது என்றால் அதற்கு இந்தக் கதையில் என்ன இடம்? எரிமலை வெடிக்காத ஊரில் ஹினேபௌவின் கதி என்ன? ‘எல்லோரிடமும் ஒரு திறமை இருக்கிறது’ என்று சொல்லித் தப்பிக்க ஆசிரியர்களாகிய நாம் பழகியிருக்கிறோம். அந்தச் சிறுமியின் கேள்விக்கு அது விடையாகாது.

இன்னொரு பையன் வேறு கேள்வி கேட்டான்: “அவளுக்குக் கோயில் கட்டுனாங்களா?” சிரிப்பு வந்தாலும், தமிழ்க் குழந்தை மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது. அநியாயமாகப் பழி சுமந்து செத்த பெண்ணுக்குக் கல் நட்டு, சேலை சாத்தி, வருடம் ஒருமுறை பொங்கல் வைப்பது நம் ஊர்களின் வழக்கம். கன்னிமாரும் சீலைக்காரியும் ஏரிக்கரை தோறும் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது கேட்காத மன்னிப்பைச் செத்த பிறகு தெய்வமாக்கிக் கேட்கிறோம். பயம் அப்படியே இருக்கிறது, அதற்குப் பக்தி என்று பெயர் மாறுகிறது. கொல்லிமலைக்கே உரிய கொல்லிப்பாவையையும் இங்கு நினைக்கலாம். சங்கப் பாடல்களில் பேரழகின் உவமையாக வரும் அந்தப் பாவை, பின்னால் வந்த வழக்கில் சிரித்து மயக்கிக் கொல்பவளாகவும் ஆகிவிட்டாள்.

அந்தப் பையனின் முடிவை மேடையில் வைத்தால் தமிழ்ப் பார்வையாளர்கள் உடனே ஏற்றுக்கொள்வார்கள், கண்ணீரும் விடுவார்கள். ஆனால் ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. ஹினேபௌ தெய்வமானால் ஊருக்குச் சௌகரியம். அவளோடு சேர்ந்து சோறு தின்னத் தேவையில்லை.

மேடை இந்தக் குறையைச் சரிசெய்ய முடியும். புத்தகத்தைவிட மேடைக்கு இதில் வசதி அதிகம். ஊர் என்பது மேடையில் பத்துப் பன்னிரண்டு உடம்புகள். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒதுக்க வேண்டியதில்லை. ஒருத்தி தயங்கலாம், ஒருவன் இரவில் குடிசைக்குப் போய் எட்டிப் பார்த்துத் திரும்பலாம். மிக முக்கியமாக, சாம்பல் விழும் முன்பே யாராவது ஒருவர் அவளிடம் போய் உட்கார வேண்டும். ஊருக்கு உதவினாள் என்பதற்காக அல்லாமல் சும்மா போய் உட்கார வேண்டும். கதையில் இல்லாத இந்த ஒரு காட்சியைச் சேர்த்தால் அந்தச் சிறுமியின் கேள்விக்கு மேடை கொஞ்சமாவது பதில் சொல்லியதாகும். பழங்கதையாக இருந்தால் இப்படிச் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. பெயர் போட்டு எழுதிய கதையாயினும், எழுதியவர் பெயரைச் சொல்லி, இது நாங்கள் சேர்த்தது என்று சொல்லித்தான் சேர்க்க வேண்டும்.

நம் ஊருக்கு மாற்றலாமா?

மாற்றலாம் என்போர் உடனே கொல்லிமலையைத்தான் காட்டுவார்கள். மாவோரிக் குடிக்குப் பதில் மலைவாழ் மக்கள், ஹரகெகேவுக்குப் பதில் மூங்கில், எரிமலைக்குப் பதில் மலைச்சரிவு. பார்வைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி மாற்றினால் ஒதுக்குகிற ஊர் எது? மலைவாழ் மக்கள். கைதட்டுவது யார்? கீழ்நாட்டார். மூடநம்பிக்கை பிடித்த மலைக்காரர்கள் ஒரு பெண்ணைத் துரத்தினார்கள் என்ற கதையைக் கீழ்நாட்டு மேடையில் போடுவது, இலைப்பாவாடையை விட மோசமான காரியம். பிஷப்பின் கதையில் இந்தச் சிக்கல் எழவில்லை. அவர் மாவோரி மரபிலிருந்தே மாவோரி ஊரைக் குறை சொல்கிறார்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒதுக்குகிற ஊர் நம் ஊராக இருக்கட்டும். தறி ஓடும் தெரு, தேர் ஓடும் வீதி, குழாயடி. அங்கே ஒரு செம்பட்டைத் தலைப் பெண். அதற்குத் துணிவில்லை என்றால் கதையை மாற்றாமல் மாவோரிக் கதையாகவே போடலாம். அதுவே எனக்கு உகந்த வழி. தூரத்துக் கதை தூரத்திலேயே இருக்கட்டும். ‘செம்பட்டை’ என்ற ஒரு சொல் போதும், அது பக்கத்தில் வந்துவிடும்.

அவ்வளவு தூரமும் இல்லை. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் நியூசிலாந்தின் வாங்கரே அருகே மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தால் அது ஒரு கப்பல் மணியின் உடைந்த மேற்பகுதி. அதில் தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று பொறித்திருந்தது. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இன்று அது வெல்லிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி அங்கு போனது என்பதற்கு ஆளுக்கொரு ஊகம். அதுவே ஒரு சிறுவர் நாடகத்துக்குப் போதுமான கரு. யாராவது எழுத வேண்டும்.

மொழியும் பாட்டும்

சிறுவர் அரங்கில் தமிழுக்குச் சொந்த அனுபவம் இல்லாமல் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் சபைகளில் சிறுவர்கள் நடித்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் பெரியவர்கள். குழந்தைகளுக்காகவே எழுந்த அரங்கு பின்னால் வந்தது. ஈழத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’, புதுச்சேரியிலிருந்து ஊர் ஊராகப் போய் வேலு சரவணன் நடத்திய ‘கடல் பூதம்’ ஆகியவற்றைச் சொல்லலாம். பார்க்கும் குழந்தைகளையும் நாடகத்துக்குள் இழுத்துவிடுவது வேலு சரவணனின் பாணி. ஹினேபௌவுக்கு அது ஓரளவுக்கு உதவும். சாம்பல் விழும் காட்சியில் வெள்ளை வேட்டிகளைப் பார்வையாளர் தலைக்கு மேலேயே விரித்துவிடலாம். ஒதுக்கும் காட்சியில் மட்டும் பார்வையாளரைக் கத்தச் சொல்லக்கூடாது. ‘சூனியக்காரி’ என்று இருநூறு பிள்ளைகள் சேர்ந்து கத்தினால் அது நாடகமாக இருக்காது. நடிக்கிற பிள்ளைக்கு அந்தச் சத்தம் வீடு வரை கூடவே வரும்.

நியூசிலாந்தில் ‘தாகி ருவா’ என்ற மாவோரி நாடக நிறுவனம் 1995 முதல் முழுக்க மாவோரி மொழியிலான நாடகங்களைப் பள்ளிகளுக்கு எடுத்துச் செல்கிறது. மொழி தெரியாத பிள்ளையும் அதைப் பார்க்கிறது. ஆகவே நம் மேடையிலும் சில மாவோரிச் சொற்களை அப்படியே விடலாம். ஹினே, ஹரகெகே என்பவற்றை மொழிபெயர்க்க வேண்டாம். உச்சரிப்பு நமக்கு எளிது. குறில் நெடில் வேறுபாடு அம்மொழியில் உண்டு. எல்லாச் சொல்லும் உயிரோசையில் முடியும். மாவோரிக் குடிப்பெயர்கள் பல ‘ஙாத்தி’ என்று தொடங்குகின்றன. சொல்லின் முதலில் வரும் இந்த ஙகரத்தில் ஆங்கிலேயர் நாக்குத் தடுமாறும். ஆத்திசூடி ஒப்பித்து வளர்ந்த நம் பிள்ளைகள் முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். உயிரில் முடிகிற சொற்கள் கும்மி மெட்டில் சிக்கலில்லாமல் உட்காரும். கோலாட்டத்தைப் போலவே மாவோரிகளுக்கும் குச்சிகளை வைத்து ஆடும் ஆட்டம் உண்டு. தாளம் பிடிக்க அதுவே போதுமானது. சினிமாப் பாட்டைப் பதிவில் ஓடவிட வேண்டியதில்லை. ஊரார் ஒதுக்கும் காட்சியில் கும்மி அடித்துப் பாடுவோர் வட்டமாக நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டத்தை ஓரடி சுருக்கிக்கொண்டே வந்தால் அவளுக்கு உள்ளே இடமில்லாமல் போகும். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள்.